வங்குரோத்துக்குப் பிறகும் பாடுகிறவர்கள்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, செர்வெத் உதைபந்தாட்டக் கழகத்தை நடத்திவந்த கம்பனி ஜெனீவாவில் வங்குரோத்தானதாக அறிவிக்கப்பட்டது. 1890இல் ஜெனீவாவின் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரைச் சூடித் தொடங்கிய கழகம் அது. 17 தடவைகள் சுவிஸின் சம்பியன். 30,000 பேர் அமரக்கூடிய புதிய மைதானம் திறந்து இரண்டு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 1998இல் பிரான்சுக்காக உலகக் கிண்ணம் வென்ற கிறிஸ்தியான் கரம்பே அந்த வருடம் அங்குதான் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பத்துக் கழகங்கள் ஆடிய உயர்பிரிவு, மிகுதிப் பருவத்தை ஒன்பது கழகங்களோடு ஆடி முடித்தது.

அந்தச் செய்தியை எங்களில் பலர் உணவுவிடுதிக் குசினிகளில் நின்றுதான் கேட்டோம். கூட வேலை செய்த ஜெனீவாக்காரர் ஒருவர் ஏதோ செத்தவீட்டுச் செய்தி வந்ததுபோலச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வெளியே போனார். எங்களுக்கு அது விளங்கவில்லை. ஒரு கம்பனி முறிந்தால் அதில் வேலை செய்தவன் அழலாம், கடன் கொடுத்தவன் அழலாம். ரிக்கற் வாங்கிப் பார்த்தவன் ஏன் அழவேண்டும்? அதைவிட விளங்காதது அடுத்த வருடம் நடந்தது. மூன்றாம் பிரிவில், சின்ன ஊர்க் கழகங்களுக்கு எதிராக, அதே கருஞ்சிவப்புச் சால்வையோடு அதே மனிதர் போய் நின்றார். 2006இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. வங்குரோத்தான ஒன்று எப்படி மறுபடி எழும்பி ஓடுகிறது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோது நாம் உதைபந்தாட்டத்தைப் பற்றி அறிந்ததைவிட எங்களைப் பற்றி அறிந்தது அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ‘திவால்’ என்கிறார்கள். ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்றும் சொல்வார்கள். நாங்கள் வங்குரோத்து என்கிறோம். ஒல்லாந்தர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்களில் இது ஒன்று. அதன் மூலம் இத்தாலியம். உடைந்த பலகை என்று பொருள் சொல்வார்கள். சந்தையில் பணம் மாற்றுகிறவன் கடன் கட்ட முடியாமல் போனால் அவன் இருந்த பலகையை உடைத்துவிடுவார்களாம். ஆக, சொல்லுக்குள்ளேயே ஒரு சடங்கு இருக்கிறது: பலபேர் பார்க்க ஒருவனை இடமில்லாதவனாக்கும் சடங்கு.

சுவிற்சர்லாந்திலும் இது நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு கன்ரோனுக்கும் ஒவ்வொரு கடன் சட்டம். வங்குரோத்தானவர் குடியியல் மரியாதையை இழப்பதும், அதோடு வாக்குரிமையை இழப்பதும் பல கன்ரோன்களில் வழக்கம். முழு நாட்டுக்குமான கடன் அறவீட்டு, வங்குரோத்துச் சட்டம் 1889 ஏப்ரல் 11இல் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சிறிய பெரும்பான்மையால் தப்பி, 1892 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களோடு இன்றுவரை அதே சட்டம்தான். எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் ‘பெற்றைபுங்’ என்று நாம் சொல்லிப் பயப்படும் கடிதம் விழுவது அந்தச் சட்டத்தின் பெயரால்தான்.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. வர்த்தகப் பதிவேட்டில் உள்ள கம்பனி கடனைக் கட்டாவிட்டால் அது வங்குரோத்துப் பாதையில் போகும். நீதிமன்றம் அறிவித்த கணத்திலிருந்து கம்பனியின் சொத்தெல்லாம் ஒரே குவியல். வங்குரோத்து அலுவலகம் அதை எழுதி எடுத்து, விற்று, வரிசைப்படி பங்கிடும். அடைமானம் வைத்திருப்பவருக்கு அந்த அடைமானப் பொருளிலிருந்து முதலில். அதன்பிறகு முதலாம் வகுப்பு: முக்கியமாகத் தொழிலாளரின் கடைசி ஆறு மாதச் சம்பளம். இரண்டாம் வகுப்பு: முதியோர் காப்புறுதி, சுகயீனக் காப்புறுதி போன்றவற்றின் நிலுவை. மூன்றாம் வகுப்பு: மிச்சம் எல்லோரும். பாண் கொடுத்த பேக்கரி, உடுப்புத் தோய்த்த கடை, பஸ் ஓட்டிய கம்பனி எல்லாம் இந்த மூன்றாம் வகுப்பில்தான் வரும். அவர்களுக்குப் பெரும்பாலும் சட்டியின் அடியில் ஒட்டியதுதான் கிடைக்கும். எல்லாம் முடிந்ததும் கம்பனியின் பெயர் பதிவேட்டிலிருந்து வெட்டப்படும். மிச்சக் கடனைக் கேட்க ஆள் இல்லை. கம்பனி செத்தது, கடனும் அதோடு செத்தது.

இரண்டாவது பாதை சம்பளத்துக்கு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுடையது. அதில் சாவும் இல்லை, முடிவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

*

செர்வெத் எப்படித் தப்பியது என்பதற்குச் சட்டத்தில் எளிய பதில் உண்டு. வங்குரோத்தானது தொழில்முறை அணியை நடத்திய பங்குக் கம்பனி. 1890இல் தொடங்கிய சங்கம் வேறு. சங்கத்திடம் இளையோர் அணிகள் இருந்தன. பெயரும் நிறமும் பட்டங்களின் நினைவும் இருந்தன. கம்பனியைப் புதைத்துவிட்டுச் சங்கம் கீழே இருந்து தொடங்கியது.

செர்வெத் மட்டும்தானா? லவுசான் கழகம் 2003இல் வங்குரோத்தாகி நான்காம் பிரிவில் மறுபடி தொடங்கியது. அதே வருடம் லுகானோ. 2013இல் பெலின்சோனா, 2016இல் பீல். இவை எல்லாவற்றிலும் கசப்பான கதை நொஷாத்தெல் க்ஸாமாக்ஸுடையது. மாக்ஸ் அபெக்லென் என்ற ஆட்டக்காரரின் பட்டப்பெயர் ‘க்ஸாம்’, அதாவது மாக்ஸ் என்பதைப் பின்னாலிருந்து வாசித்தது. அதையும் மாக்ஸையும் ஒட்டிவைத்து உண்டான பெயர் அது. ஐரோப்பிய எழுத்தில் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றேதான். 1987, 1988 இரண்டு வருடமும் சம்பியன். 1986இல் றியால் மட்றிட்டைத் தன் மைதானத்தில் வென்ற கழகம். 2011 மே மாதத்தில் செச்சினியப் பின்னணி கொண்ட புலாத் சகாயெவ் என்ற வர்த்தகர் அதை வாங்கினார். வங்கியொன்றின் பெயரில் அவர் தரப்பு காட்டிய பெருந்தொகைப் பத்திரம் போலி என்று தெரியவந்தது. 2012 ஜனவரி 18இல் லீக் கழகத்தின் அனுமதியைப் பறித்தது. ஜனவரி 26இல் வங்குரோத்து. கழகம் தன் நூற்றாண்டைக் கொண்டாட இருந்த வருடம் அது.

அந்தக் கோடைக்குப் பிறகு க்ஸாமாக்ஸ் ஐந்தாம் பிரிவில் தொடங்கியது. மாட்டுத் தொழுவத்துக்கு அருகே மைதானம் வைத்திருக்கும் ஊர்களோடெல்லாம் ஆட்டம். சிவப்பும் கறுப்புமாகச் சால்வை கட்டியவர்கள் அங்கேயும் வந்தார்கள். ஆறு வருடங்களில், 2018இல், அது மறுபடியும் உயர்பிரிவுக்கு ஏறியது.

வங்குரோத்து அலுவலகம் எழுதிய சொத்துப் பட்டியலைக் கற்பனை செய்து பாருங்கள். மேசை, கதிரை, கணினி, பந்து, பயிற்சி உடுப்பு, வராத கடன்கள். இவற்றையெல்லாம் விற்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் சில ஆயிரம் பேரை எந்தப் பட்டியலில் எழுதுவது? அவர்கள் வேறு கழகத்துக்குப் போகமாட்டார்கள். ஒரு பல்பொருள் அங்காடி மூடினால் மற்றதற்குப் போவோம். செர்வெத் மூடினால் ஜெனீவாக்காரர் சியோனுக்குக் கைதட்டப் போவதில்லை. இதைச் சில பொருளியலாளர்களும் கவனித்திருக்கிறார்கள். 1923இல் இங்கிலாந்து லீக்கில் இருந்த 88 கழகங்களில் 85 கழகங்கள் 2007-2008 பருவத்திலும் உயிரோடிருந்தன என்று சைமன் கூப்பரும் ஸ்ரெஃபன் சிமான்ஸ்கியும் எண்ணிக் காட்டினார்கள். அதே காலத்தில் எத்தனை நெசவாலைகளும் வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் அழிந்துபோயின! உதைபந்தாட்டக் கழகம் வியாபாரமாகப் பார்த்தால் மோசமான வியாபாரம். ஆனாலும் சாகாது.

*

ஏன் சாகாது என்பதற்கு அந்தச் சனிக்கிழமைச் சடங்குகளைத்தான் பார்க்கவேண்டும்.

எங்களில் சிலர் பேர்ணில் வாங்க்டோர்ஃப் மைதானத்துக்கும், பாசலில் சாங்க் யாக்கொப் மைதானத்துக்கும், ஜெனீவாவுக்கும் போய் நின்றிருக்கிறோம். முதலில் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனார்கள், பிறகு நாமாகவே போனோம். கோல் கம்பத்தின் பின்னாலுள்ள படிக்கட்டுப் பகுதியைக் ‘குர்வெ’, வளைவு, என்கிறார்கள். அங்கே உள்ளவர்களுக்கு ஆட்டம் மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. வழமையான மதுக்கடை, வழமையான தெரு, சேர்ந்து நடக்கும் ஊர்வலம். கம்பிமேல் ஏறி ஒலிபெருக்கியோடு ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுப்பார். அவர் முழு ஆட்டமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். கோல் விழுந்ததைக்கூட மற்றவர் முகத்தில்தான் காண்பார்! பல வாரங்கள் இரவிரவாகத் தைத்து, வர்ணம் பூசி, உண்டியலில் காசு சேர்த்து உண்டாக்கிய பிரமாண்டமான துணிச்சித்திரம் ஆட்டம் தொடங்கும்போது சில நிமிடம் மட்டும் விரியும். பிறகு அது குப்பை. தேருக்கு முதல்நாள் ஒரே ஒரு இரவுக்காகச் சப்பறம் கட்டும் ஊரில் பிறந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பேர்ணில் யங் போய்ஸ் ஆட்டத்தின் கடைசிக் கால்மணிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 75ஆம் நிமிடம் வந்ததும், அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் கூட்டம் கைதட்டி எழும்பும். அந்தக் கழகம் 1986க்குப் பிறகு 2018வரை, 32 வருடங்கள், சம்பியனாகவில்லை. அந்த வருடங்களிலும் கால்மணி தவறவில்லை.

பிரெஞ்சு மானிடவியலாளர் கிறிஸ்தியான் புறொம்பெர்ஜே மார்செய், நாப்போலி, ரொறினோ ஆகிய மூன்று நகரங்களின் இரசிகர்களோடு திரிந்து 1995இல் ஒரு பெரிய நூல் எழுதினார். உதைபந்தாட்டத்தை ஒரு சடங்காகப் படிக்கலாமா என்று அவர் கேட்டார். இடம், காலம், உடை, பூசகர், பாத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்தச் சடங்குக்குக் கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை. எங்களுக்கு இந்தப் பிரிப்பே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. நாவாந்துறையிலும் பாஷையூரிலும் உதைபந்தாட்டக் கழகங்கள் புனிதர்களின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. பெருநாளும் பந்தும் ஒரே மணலில். இங்கே வந்த பிறகும் கோடை விடுமுறையில் எங்கள் பெடியள் நடத்தும் சுற்றுப்போட்டிகளுக்கு ஊரின் பெயரோ பள்ளிக்கூடத்தின் பெயரோ இல்லாமல் அணி உண்டா? திரும்பிப்போக முடியாத ஊர் பத்து ஆட்டக்காரரும் ஒரு கோல்காப்பாளருமாக ஒலிவட்டத்தை ஓடி முடிக்கிறது.

இரசிகர்களை நாம் புனிதராக்கவில்லை. குர்வெயில் தீப்பந்தம் எறிகிறார்கள், அடிபடுகிறார்கள், கறுப்பு ஆட்டக்காரரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போட்டவர்களும் ஐரோப்பாவில் உண்டு. எங்கள் பிள்ளைகளை இரயிலில் ஒரு மாதிரிப் பார்த்தவர்களும் சால்வை கட்டியவர்கள்தான். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. கழகத்தைக் கடனில் ஆழ்த்தியவர் ஒரு தலைவர். வங்குரோத்துக்கு அடுத்த கிழமையும் வந்து நின்றவர்கள் இவர்கள்.

*

இனி எங்கள் பாதைக்கு வருவோம்.

சுவிஸில் எவரும் எவர்மீதும் கடன் அறவீடு தொடங்கலாம். கடன் உண்மையில் இருக்கிறதா என்று அலுவலகம் விசாரிக்காது. கட்டணத்தைக் கட்டினால் பணம் செலுத்தும் கட்டளையை அனுப்பும். அது கையில் கிடைத்த பத்து நாட்களுக்குள் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். காரணம் தேவையில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அதன்பிறகு கடன் கொடுத்தவர்தான் நீதிமன்றம் போகவேண்டும். 1980களிலும் 90களிலும் எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடிதத்தைப் பார்த்ததும் பொலிஸ் என்று நினைத்து அலுமாரிக்குள் வைத்தோம். பத்து நாள் போனது. ஆட்சேபம் இல்லாததால் கடன் உறுதியானது. கடிதம் அனுப்பியவர் தவறாக அனுப்பியிருந்தாலும்.

உறுதியானதும் சம்பளத்தில் வெட்டு. உயிர்வாழத் தேவையான அளவைக் கணக்கிட்டு மிச்சத்தை எடுப்பார்கள். 2009இன் வழிகாட்டலில் தனியாளுக்கு 1,200 பிராங், தம்பதிக்கு 1,700, பத்து வயதுவரை பிள்ளைக்கு 400, அதற்கு மேல் 600. வீட்டு வாடகையும் சுகயீனக் காப்புறுதியும் தனியாக. நடப்பு வருடத்து வரி அந்தக் கணக்கில் பல காலமாகச் சேர்க்கப்படாமலே இருந்துவந்தது. ஆகவே பழைய கடனைக் கட்டும்போதே புது வரிக்கடன் வளரும். எங்களில் பலர் விழுந்த குழி இதுதான். பி விசா இருக்கும்வரை வரியைச் சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். சி விசா கிடைத்த சந்தோஷத்தில் விருந்து வைப்போம். அந்த மாதத்திலிருந்து வரியை நாமே எடுத்துவைக்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கையில் கூடுதலாக வந்த காசு ஊருக்குப் போனது, தம்பியை எடுப்பிக்க ஏஜென்சிக்குப் போனது, சீட்டுக்குப் போனது.

வெட்டியும் கடன் தீராவிட்டால் கடன் கொடுத்தவருக்கு இழப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். இழப்பு அவருடையது, சான்றிதழ் எங்கள் தலையில். அதற்கு வட்டி இல்லை, ஆனால் 20 வருட ஆயுள் உண்டு. 1997க்கு முன்பு அதற்கு ஆயுள் எல்லையே இருக்கவில்லை. அந்தப் பழைய சான்றிதழ்கள், இடையில் கடன் கொடுத்தவர் மறுபடி அறவீடு தொடங்கியிருக்காவிட்டால், 2017 தொடக்கத்தில்தான் காலாவதியாகின. தனிமனிதர் தானாகவே நீதிமன்றத்தில் வங்குரோத்தை அறிவிக்கலாம், ஆனால் அதற்குச் சில ஆயிரம் பிராங் முன்பணம் வேண்டும். வங்குரோத்தாகவும் காசு வேண்டும்! அப்படி அறிவித்தாலும் கடன் அழியாது; புதிதாகச் சொத்துச் சேரும்வரை நெருக்காமல் இருப்பார்கள், அவ்வளவே. மிச்சக் கடனிலிருந்து தனிமனிதரை விடுவிக்கும் ஒரு திருத்தத்தை அரசாங்கம் 2022இல் கருத்துக் கேட்க விட்டு, 2025இல்தான் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1892இலிருந்து எண்ணினால் 133 வருடங்கள்.

சட்டத்தின் இரக்கத்தையும் சொல்லவேண்டும். 92ஆம் பிரிவு கடனாளியிடமிருந்து எதைப் பறிக்கக்கூடாது என்று பட்டியலிடுகிறது. உடுப்பு, கட்டில், தொழில் கருவி. விவசாயி என்றால் அவர் விருப்பப்படி இரண்டு பால்மாடு, அல்லது நான்கு ஆடு. அவற்றுக்கு நான்கு மாதத்துக்கான வைக்கோலும். 2003இலிருந்து வீட்டு நாய் பூனை. இவற்றோடு சமய நூல்களும் வழிபாட்டுப் பொருட்களும். எல்லாம் போனாலும் ஒரு மனிதனிடம் அவன் சடங்கு இருக்கவேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் சாமிப்படத்தில் அலுவலர் கைவைக்க முடியாது.

ஆனால் ஒரு கம்பனிக்கும் ஒரு மனிதனுக்கும் இடையில் இந்தச் சட்டம் வைத்திருக்கும் வித்தியாசத்தை நாங்கள் ஒரு குசினியில் நேரே பார்த்தோம். 90களில் நாம் கோப்பை கழுவிய உணவுவிடுதியொன்றின் கதவில் ஒருநாள் காலை அரசு முத்திரை. மூன்று மாதச் சம்பளம் நிலுவை. முதலாளி அழுதார், நாங்களும் பரிதாபப்பட்டோம். அடுத்த வருடமே பக்கத்துத் தெருவில் இன்னொரு பெயரில், உறவினர் ஒருவரின் கம்பனியாக, அதே அடுப்புகளோடு கடை திறந்தது. வங்குரோத்தான கம்பனியின் சம்பள நிலுவையை வேலையில்லாக் காப்புறுதி குறித்த மாதங்களுக்குக் கொடுக்கும் என்பதும், அரசாங்க வர்த்தகப் பத்திரிகையில் வங்குரோத்து அறிவித்தல் வந்து 60 நாட்களுக்குள் கேட்கவேண்டும் என்பதும் எங்களுக்கு 61ஆம் நாளுக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பத்திரிகையை எங்களில் யார் வாசித்தார்கள்? வங்குரோத்தையே தொழிலாகச் செய்வோரைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

*

இனிச் சொல்லப்போவது எங்களுக்கே உறைப்பானது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணர் 90களில் சீட்டுப் பிடித்தவர். முன்கூட்டியே எடுத்த இருவர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மிச்சப் பேருக்குக் கொடுப்பதற்காக அவர் வங்கிக் கடன் எடுத்தார். கொடுத்தார், முழுவதுமல்ல. பிறகு வரி, பிறகு சம்பள வெட்டு, 1998இல் இழப்புச் சான்றிதழ்கள். சீட்டு, காகிதத்தில் இல்லாத நம்பிக்கையில் ஓடுவது. அது முறிந்தால் பெற்றைபுங் வராது, வேறொன்று வரும். சாமத்தியவீட்டுக்கு அழைப்பு வராது. வந்தாலும் அவர் போகமாட்டார். என்வலப்பில் நூறு பிராங் வைக்க முடியாதவன் மண்டபத்தில் எங்கே இருப்பது? அவர் பெயரைச் சொல்லும்போது ‘சீட்டுக்காரன்’ என்றோம். ‘ர்’ போய்விட்டது. அரச அலுவலகம் அவருடைய சாமிப்படத்தை விட்டுவைத்தது. நாங்கள் அவரிடமிருந்து சடங்கைப் பறித்தோம். பலகையை உடைத்தவர்கள் நாங்கள்தான்.

செர்வெத் இரசிகர்களோடு எங்களை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கழகம் எழும்பியபோது மூன்றாம் வகுப்புக் கடன்காரர் எழும்பவில்லை. பாட்டுப் பாடியவர்கள் பேக்கரிக்காரரின் கணக்கைக் கட்டவில்லை. ஸ்கொட்லாந்தில் றேஞ்சேர்ஸ் கழகம் 2012 பெப்ரவரி 14இல் முறிந்து, புதுக் கம்பனியாக நான்காம் பிரிவில் தொடங்கியபோது, ‘அதே கழகம்தான்’ என்று அதன் இரசிகர்களும், ‘பழையது செத்துவிட்டது, பட்டங்களும் அதோடு போயிற்று’ என்று எதிர்த்தரப்பினரும் ஆண்டுக்கணக்கில் அடிபட்டார்கள். விசுவாசம் கடனை மறைக்கும் திரையாகவும் ஆகலாம். எங்கள் மத்தியிலும் திட்டமிட்டுச் சீட்டை விழுங்கியவர்கள் உண்டு. அவர்களால் நித்திரை இழந்த தாய்மாரும் உண்டு. அவர்களிடம் ‘மன்னியுங்கள்’ என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

ஆனால் வித்தியாசம் பார்க்கத் தெரியவேண்டும். இரசிகர்கள் சகாயெவுக்குக் கைதட்டவில்லை, கழகத்துக்குத்தான் கைதட்டினார்கள். கணக்கு ஒரு மேசையில், ஆள் இன்னொரு மேசையில். நாமோ ஏமாற்றியவனையும் ஏமாந்தவனையும், கனடாவுக்கு ஓடியவனையும் நின்று கட்டியவனையும் ஒரே தட்டில் வைத்தோம். ஓடியவர்கள் அங்கே கோயில் திருவிழா உபயகாரர். இங்கே நின்றவர் ஊர்க்கண்ணில் கள்ளர். ஐந்தாம் பிரிவுக்கு இறங்கியவன் மறுபடி ஏற அவனுக்கு ஒரு மைதானம் வேண்டும், பார்க்க நாலுபேர் வேண்டும். அந்த நாலுபேராக நாம் இருக்கவில்லை.

*

அந்த அண்ணர் ஒன்றை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கோடையும் எங்கள் சுற்றுப்போட்டி நாளில் விடிய ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து, வெள்ளைக் கோடு போட்டு, வலை கட்டிவிட்டு, சனம் சேர முன்னர் போய்விடுவார். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இருபது வருடம் ஆறு மணிக்கு நாம் போகவில்லை.

2019 வசந்தத்தில் அவருக்கு வீடு மாற வேண்டியிருந்தது. வாடகை வீடு கேட்பதென்றால் அறவீட்டுப் பதிவேட்டின் பிரதி வேண்டும். இவ்வளவு காலமும் அந்தக் கடுதாசிக்குப் பயந்து பழைய ஈர வீட்டிலேயே இருந்தவர். எங்களில் இருவர் கூடப் போனோம். 17 பிராங். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைத் தட்டினார், அச்சிட்டார், நீட்டினார். பதிவு எதுவும் இல்லை. அறவீடுகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு பிரதியில் வருவதில்லை. இழப்புச் சான்றிதழ்களைப் புதுப்பிக்க யாரும் வரவில்லை, இருபது வருடம் முடிந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பின்பக்கம் ஏதும் இருக்கோ தம்பி?’ என்று கேட்டார். இல்லை அண்ணை, வெறுமை என்றோம். ‘அவையளுக்குத்தான் நான் இன்னும் குடுக்கேல்லையே,’ என்றார். அவர் சொன்னது வங்கியை அல்ல. சீட்டில் மிச்சம் வாங்கவேண்டிய மூன்று குடும்பங்களை. அந்தப் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை.

2024 ஜூன் 2ஆம் திகதி பேர்ணில் சுவிஸ் கிண்ண இறுதியாட்டம். செர்வெத்தும் லுகானோவும். இரண்டும் வங்குரோத்தைக் கண்ட கழகங்கள். செர்வெத் 2015இல் காசில்லாமல் இன்னொரு தடவை மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்பட்டு, 2019இல்தான் உயர்பிரிவுக்கு மீண்டிருந்தது. 120 நிமிடம் ஒரு கோலும் இல்லை. தண்ட உதைகளில் செர்வெத் வென்றது. கருஞ்சிவப்புப் பக்கத்தில் வயதானவர்கள் விக்கி விக்கி அழுதார்கள். 2005இல் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போனவரும் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்திருக்கலாம்.

அந்தக் கோடைச் சுற்றுப்போட்டி அன்று நாங்கள் நாலுபேர் ஆறு மணிக்குப் போனோம். அவர் ஏற்கெனவே பாதி மைதானம் கோடு போட்டிருந்தார். எங்களைக் கண்டு நிமிர்ந்தவர், ஒன்றும் பேசாமல் கயிற்றின் மற்றத் தலைப்பை எங்களிடம் நீட்டினார்.